இரண்டு கேன் கடல்

ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்தவர் முட்டி போட்டு, கண்ணாடித் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுப் பிளக்கைப் பிடுங்கினார். தொட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றது.

"அண்ணா, அத எடுக்காதீங்க," என்றாள் வேல்விழி.

"இந்த ஹால்ல ஒரு பாயிண்டுதாம்மா இருக்குது."

"எக்ஸ்டென்ஷன் பாக்ஸு இருக்குது. பந்தல் ஃபேனுக்குப் போட்டிருக்காங்க, வாங்கியாறன்."

"எக்ஸ்டென்ஷன்ல பெட்டி தாங்காது. நடுவுல ட்ரிப் ஆச்சுன்னா என்னயத்தான் கேப்பாங்க."

அவர் சொன்னது சரிதான். அவள் தள்ளி நின்றாள். பெட்டிக்குள் மாமனார் கலியமூர்த்தி, நெற்றி நிறைய விபூதியோடு படுத்திருந்தார். அன்று சனிக்கிழமை. கடலூர் பாசஞ்சரைப் பிடிக்க விடியலில் எழுந்தவர், சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "நெஞ்ச ஒரு மாதிரி அடைக்குதும்மா, கொஞ்சம் வெந்நீ குடு" என்றார். வெந்நீரோடு அவள் வருவதற்குள் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கீழ்ப் பித்தான்கள் இரண்டு போடாமலே இருந்தன.

புருஷன் அன்புச்செல்வன் ஓசூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். நாலு மணிக்கு எடுப்பதென்று பங்காளிகள் பேசி முடித்திருந்தார்கள். இப்போது எட்டு. எட்டு மணி நேரம் தண்ணீர் அசையாமல் நின்றால் உள்ளே இருக்கிற மூன்று மீனுக்கும் மூச்சு முட்டிப்போகும். வேல்விழி சமையற்கட்டிலிருந்து சொம்பை எடுத்துவந்தாள். தொட்டியில் மொண்டு, ஒரு முழம் மேலே தூக்கி, அதிலேயே ஊற்றினாள். மறுபடி மொண்டாள்.

நல்லூரிலிருந்து கலியமூர்த்தியின் அக்கா ராஜாம்பாள் வந்து இறங்கினாள். தெருமுனையிலேயே தொடங்கிய ஒப்பாரி பெட்டியருகே வந்து உச்சத்துக்குப் போய் ஓய்ந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தவள் மருமகளைப் பார்த்தாள்.

"மாமனாரு இங்க கெடக்கறாரு. இவ என்னா அங்க தண்ணி வெளையாடறா?"

"மோட்டார நிறுத்திட்டாங்க அத்த. மீனு செத்துடும்."

"மனுசனே செத்துட்டான். மீனு செத்தா என்னா?"

பக்கத்து வீட்டு நீலாவதி குறுக்கே வந்தாள். "வுடு பெரியம்மா. கைக்கு ஏதாச்சும் வேல இருந்தா அதுவும் அழாம இருக்கும்."

"அழட்டுமே. எழவு வூட்ல அழாம எங்க அழறது?"

வேல்விழிக்கு அழுகை வரவில்லை. மொண்டு ஊற்றினாள்.

தொட்டி அவள் கேட்டு வந்ததில்லை. சோனாங்குப்பத்தில் படகு வைத்திருக்கிற சாமிக்கண்ணுவின் ஒரே மகள் அவள். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். மூன்று வருஷத்துக்கு முன்பு அன்புச்செல்வனை ரெஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொண்ட அன்று, எனக்குப் பொண்ணே பொறக்கல என்று ஊர் நடுவில் நின்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனவர் அவள் அப்பா. அதன் பிறகு பேச்சில்லை. அன்பு பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஓசூரிலிருந்து வருவான். மற்ற நாளெல்லாம் வீட்டில் மாமனாரும் மருமகளும்தான்.

ஒருநாள் சாப்பிட்ட கையோடு போனைக் காட்டி மாமா கேட்டார்.

"கடல் மீன வூட்லயே வளக்கலாமாமே, நெசமா?"

"வளக்கலாம் மாமா. தண்ணிதான் வேணும்."

"தண்ணி போர்ல வருது. உப்பு கடைல இருக்குது."

"சாம்பார் உப்பப் போட்டா சாம்பார்தான் ஆவும்."

சிரித்தார். ஆனால் விடவில்லை. செராமிக் எஸ்டேட்டில் முப்பது வருஷம் களிமண் குழம்பை அச்சில் ஊற்றியவர். தண்ணீரில் மிதக்கவிட்டு உப்பின் அளவு பார்க்கிற கண்ணாடிக் குழாய் தபாலில் வந்தபோது, "இது எனக்குத் தெரிஞ்ச வேலதான். மண்ணுக் கொழம்புக்கும் இப்படித்தான் பாப்போம்" என்று சந்தோஷப்பட்டார். மீன் ஒளிந்துகொள்வதற்கு, தான் வேலை செய்த கம்பெனியிலிருந்தே வெள்ளை வெளேரென்று பளபளக்கிற பீங்கான் துண்டுகளைக் கொண்டுவந்து அடுக்கினார். தெருவே வந்து பார்த்தது. ஆறு வாரமாகியும் தண்ணீர் தெளியவில்லை. விட்ட இரண்டு மீனும் வயிற்றைக் காட்டிவிட்டன.

ஒரு நாள் ராத்திரி சோற்றைப் பிசைந்தவர் கையை நிறுத்தினார்.

"நான் ஒரு முட்டாளும்மா."

"ஏன் மாமா?"

"கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான் தண்ணிய சுத்தம் பண்ணும்னு நீதான சொன்ன? நான் கிளேஸ் போட்டத உள்ள வெச்சிருக்கறன். கண்ணாடியாட்டம் வழுக்குது. அது எங்க போயி ஒக்காரும்?"

மறுநாள் கிளேஸ் போடாத, ஒரே தடவை சுட்ட ஓடுகளை மூட்டையாகக் கொண்டுவந்தார். ஒன்றை அவளிடம் நீட்டினார். "நாக்குல வெச்சுப் பாரு. ஒட்டிக்கும். அவ்ளோ ஓட்ட உள்ள." அவள் வைத்துப் பார்த்தாள். ஒட்டியது. அடுத்த மாதமே தண்ணீர் தெளிந்துவிட்டது.

கடல் தண்ணீர் சனிக்கிழமை விட்டு சனிக்கிழமை வரும். காலையில் காலி கேன்களோடு ரயில் ஏறுவார். அவற்றைக் கொடுத்துவிட்டு, அங்கே நிரப்பி வைத்திருக்கிற வேறு இரண்டைப் பொழுது சாய்வதற்குள் கொண்டுவருவார். தொட்டியில் பாதியை எடுத்துவிட்டு அதை ஊற்றுவார்கள்.

"யாரு மாமா குடுக்கறாங்க?"

"ஹார்பர்ல ஒரு ஆளு. கரைத்தண்ணி டீசல் நாத்தம் அடிக்கும், வேணாம்னுட்டாரு. போட்டுல போயி பத்து பாகம் ஆழத்துக்கு அப்பால மொண்டாந்து குடுக்கறாரு."

இந்த மூன்று மீனும்கூட ஒருநாள் கேனுக்குள்ளேயே வந்தவைதான். ஹார்பரில் எத்தனையோ படகு, எத்தனையோ ஆள். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

பத்து மணி சுமாருக்கு மாமாவின் போன் அடித்தது. கழற்றிப் போட்ட சட்டைப் பையிலிருந்தது. காலையிலிருந்து அதற்கு வந்த அழைப்புகளுக்கெல்லாம் அவள்தான் சேதி சொல்லிக்கொண்டிருந்தாள். எடுத்துப் பார்த்தாள். 'உப்புத்தண்ணி' என்றிருந்தது.

"அலோ" என்பதற்குள் அந்தப் பக்கம் பேசத் தொடங்கிவிட்டது.

"என்னா சம்பந்தி, வண்டி வந்து போயி ஒரு மணி நேரமாவுது. ஆளக் காணும். ரெண்டு கேனும் ரொப்பி வெச்சுட்டு ஒக்காந்திருக்கறன்."

சொம்பு அவள் இன்னொரு கையிலேயே இருந்தது. அதிலிருந்து தண்ணீர் சேலையில் வழிந்தது.

"சம்பந்தி? கேக்குதா?"

"அவரு காலைல தவறிட்டாரு," என்றாள்.

அந்தப் பக்கம் ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. 

"யாரு பேசறது?"

"நாந்தான்."

மெஷினை யாரோ நிறுத்தினார்கள்.

"எப்ப எடுக்கறாங்க?"

"நாலு மணி."

போன் நின்றுவிட்டது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

"யாருடி?" என்றாள் ராஜாம்பாள்.

"தண்ணி குடுக்கறவரு அத்த."

சமையற்கட்டின் மூலையில் போய் நின்று அந்தப் பெயரைத் தொட்டாள். மாமா அனுப்பிய படங்களாக வந்துகொண்டே இருந்தன. எல்லாம் தொட்டியின் படங்கள். எல்லாவற்றிலும் தொட்டியின் பக்கத்தில் அவள் நின்றாள். நைட்டியில், ஈரத் தலையில் துண்டோடு, பொங்கலுக்கு எடுத்த பச்சைச் சேலையில். "பக்கத்துல நில்லும்மா, ஆளு நின்னாத்தான மீனோட அளவு தெரியும்" என்பார் மாமா. காய்ச்சலாகக் கிடந்த வாரம்கூட எழுப்பி நிற்க வைத்தார். பதினாறு மாதத்துப் படங்கள். அந்தப் பக்கத்திலிருந்து பதிலாக ஓர் எழுத்துகூட இல்லை. ஒவ்வொன்றின் கீழும் பார்த்ததற்கான நீலக் குறி மட்டும் இருந்தது.

திரும்பி வந்து சொம்பை எடுத்தாள்.

வெயில் ஏறிவிட்டது. எஸ்டேட்டில் ஷிப்டு முடித்தவர்கள், முழங்கை வரை மண் காய்ந்து வெளுத்திருக்க, ஒரு மாலையை நாலு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். டீ கொடுத்துக்கொண்டிருந்த நீலாவதி பழக்கத்தில், "வாங்கண்ணா" என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எழவு வூட்ல யாரையும் வாங்கன்னு கேக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்றாள் ராஜாம்பாள். "வரவன் தானா வருவான். போறவன் போயிட்டு வரன்னு சொல்லாம போவான். கல்யாணமா நடக்குது இங்க?"

"வாயி அதுவா வந்துடுச்சு பெரியம்மா."

"வாயக் கட்டு."

ஒரு மணிக்கு அன்பு வந்தான். பெட்டிக் கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதான். ஓய்ந்து எழுந்தவனை வேல்விழி சமையற்கட்டுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

"எங்கப்பா போன் பண்ணாரு."

"உனக்கா?"

"மாமாவுக்கு."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "எங்கப்பாவுக்கு உங்கப்பா எதுக்கு போன் பண்றாரு?"

"தண்ணி குடுக்கறது அவருதான். ரெண்டு வாரத்துக்கு ஒருவாட்டி, இத்தினி நாளா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"எங்கிட்டயும்தான்."

வெளியே ராஜாம்பாளின் குரல் கணக்காகக் கேட்டது. யார் யார் முறைக்கு மாலை, யார் யார் கோடித் துணி போடுவது என்று வரிசை சொல்லிக்கொண்டிருந்தாள். "சம்பந்தி முறைக்குத்தான் நாதியில்ல. கடக்கரைலேர்ந்து யாரு வரப்போறா? நானே ஒரு வேட்டி வாங்கியாறச் சொல்லிட்டன். பேருக்குப் போட்டுடுவோம்."

வேல்விழி ஹாலுக்கு வந்தாள்.

"வருவாங்க அத்த."

"யாரு?"

"எங்கப்பா."

 நீலாவதி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"சொன்னாரா?"

"சொல்லல."

"அப்புறம்?"

"வருவாரு."

சொன்ன பிறகுதான், அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டோமே என்றிருந்தது. தொட்டிக்குத் திரும்பினாள். மொள்ளும்போது ஒரு கண் வாசலில் இருந்தது. பஸ் நின்று புறப்படுகிற சத்தம் மெயின் ரோட்டிலிருந்து கேட்கும்போதெல்லாம் மனசுக்குள் இருபது எண்ணினாள். ஸ்டாப்பிலிருந்து வீட்டு வாசலுக்கு வர அவ்வளவு நேரம்தான் ஆகும். இருபது முடிந்து முப்பதும் முடியும். மீன்கள் மேலே ஏறி, தண்ணீர் விழுகிற இடத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலித்தது. நீலாவதி சொம்பை வாங்கிக் கொஞ்ச நேரம் ஊற்றினாள்.

மூன்றரைக்கு மேளம் அடிக்கத் தொடங்கியது. குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, வாசலில் கிடத்தினார்கள். காரியம் செய்கிறவர் ஒவ்வொரு முறையாகக் கூப்பிட்டார்.

"மாமன் முறைக் கோடி."

போட்டார்கள்.

"சம்பந்தி முறைக் கோடி."

யாரும் அசையவில்லை.

"சம்பந்தி முறை."

அன்பு வேல்விழியின் பக்கம் திரும்பவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சம்பந்தி முறை இருக்குதா, இல்லையா?"

மெயின் ரோட்டில் ஒரு பஸ் நின்று புறப்பட்டது. அவள் எண்ணினாள். இருபத்தைந்து வரை எண்ணினாள்.

ராஜாம்பாள் மடியிலிருந்த வேட்டியை எடுத்து ஒரு பங்காளியின் கையில் கொடுத்தாள். "போடு. நேரமாவுது." அவள் ஏதாவது சொல்லுவாள் என்று வேல்விழி காத்திருந்தாள். ராஜாம்பாள் ஒன்றும் சொல்லவில்லை. மருமகளின் முகத்தைப் பார்க்கவுமில்லை.

நாலு மணிக்கு எடுத்துவிட்டார்கள்.

தெருமுனை வரை போன பெண்கள் திரும்பி வந்து தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். வேல்விழி ஈரச் சேலையோடு உள்ளே ஓடி, காலியாகக் கிடந்த பாயிண்டில் பிளக்கைச் செருகினாள். மோட்டார் ஓடியது. மூன்று மீனும் ஒரே மூலையில் ஒதுங்கியிருந்தன. ஒன்று கொஞ்சம் சாய்ந்து நீந்தியது. மூன்றும் இருந்தன.

அதற்குள் வீடு கழுவுகிற வேலை தொடங்கிவிட்டது. குடம், தவலை, பிளாஸ்டிக் டிரம், பாத்ரூம் பக்கெட் எல்லாவற்றையும் கவிழ்த்தார்கள். தண்ணீர் வாசல் வழியே தெருவில் ஓடியது. ராஜாம்பாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு பக்கெட்டோடு தொட்டியின் முன்னால் வந்து நின்றாள்.

"இதையும் ஊத்தணும்."

"இது வேணாம் அத்த."

"எழவு வூட்டுத் தண்ணி ஒரு சொட்டு நிக்கக் கூடாது."

"இது வூட்டுத் தண்ணி இல்ல. குடிக்கறதில்ல, பொழங்கறதில்ல."

"வூட்டுக்குள்ள இருந்தா வூட்டுத் தண்ணிதான். ஒன் நல்லதுக்குத்தான் சொல்றன். நாளைக்கே ஒண்ணு ஆச்சுன்னா, பெரியவ இருந்தாளே, சொல்லலையான்னு என்னக் கேப்பாங்க."

"மொத்தமா ஊத்தினா மறுபடியும் தெளிய ரெண்டு மாசமாவும். மீனு இருக்காது." அவள் தொட்டியின் மூடிமேல் கையை விரித்து வைத்துக்கொண்டாள். "நீங்க என்னா வேணா சொல்லுங்க. இத ஊத்த வுட மாட்டன்."

வாசலில் யாரோ கனைத்தார்கள்.

சாமிக்கண்ணு நின்றிருந்தார். மூன்று வருஷத்தில் தலை முழுக்க வெளுத்திருந்தது. இரண்டு கையிலும் இரண்டு இருபது லிட்டர் கேன். சட்டையின் ஒரு பக்கம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கக்கத்தில் துணிக்கடைப் பை.

வேல்விழிக்கு வாய் திறந்தது. ராஜாம்பாள் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலாவதியும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"எடுத்துட்டாங்களா?" என்றார் அவர், சுவரைப் பார்த்து.

"அரமணி நேரமாவுது," என்றாள் ராஜாம்பாள்.

அவர் கேன்களை இறக்கி வைத்தார். "கண்டக்டரு ஏத்த மாட்டன்னுட்டான். ரெண்டு பஸ்ஸு போயிடுச்சு. அப்புறம் வடலூரு வரைக்கும் ஒரு லோடு ஆட்டோ. அங்கேர்ந்து இன்னொண்ணு."

"கேன அங்கயே வுட்டுட்டு வந்திருந்தா நேரத்துக்கு வந்திருக்கலாமில்ல?" என்றாள் நீலாவதி.

அவர் கேன்களைப் பார்த்தார். அப்படி ஒரு யோசனை தனக்கு வரவேயில்லை என்பதுபோல் நின்றார்.

"இன்னைக்கி சனிக்கிழமையாச்சே," என்றார்.

ராஜாம்பாள் பக்கெட்டைக் கீழே வைத்தாள்.

அவர் தொட்டியருகே வந்து குனிந்தார். படத்தில் மட்டுமே பார்த்திருந்த தொட்டி. "அது ஏன் சாஞ்சு நிக்குது? மோட்டார நிறுத்தினீங்களா?"

"காலைலேர்ந்து," என்றாள் வேல்விழி.

"ம்."

"இந்தத் தண்ணிய ஊத்தணும்பா," என்றாள் ராஜாம்பாள். "ஒன் பொண்ணு மறிச்சிகிட்டு நிக்கறா. முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"ஊத்துங்க."

வேல்விழி நிமிர்ந்து பார்த்தாள்.

"பாதி ஊத்துங்க. எப்பயும் பாதிதான் ஊத்தறது. சம்பந்தி கணக்கு அது."

"பாதி ஊத்தினா மீதி பாதிக்குத் தீட்டு இருக்குதே."

அவர் கேனைத் தட்டினார். "அத இது கழுவிடும்மா. கடத்தண்ணி. பத்து பாகத்துக்கு அப்பால மொண்டது."

ராஜாம்பாள் கேனைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். ஈரத் தலையை முடிந்துகொண்டாள்.

"நான் பின்கட்டுக்குப் போறன். மொத்தமா ஊத்தியாச்சுன்னு யாராச்சும் சொன்னா கேட்டுக்குவன். எதையும் நான் பாக்கல."

வேல்விழி ரப்பர் குழாயை எடுத்துவந்தாள். பாதித் தண்ணீர் பக்கெட்டில் இறங்கித் தெருவுக்குப் போனது. சாமிக்கண்ணு கேனைத் தூக்கிச் சாய்த்தார். மண் கலங்காமலிருக்க அவள் ஒரு தட்டை ஏந்திப் பிடித்தாள்.

"மெதுவா."

"ம்."

"தட்ட கொஞ்சம் சாச்சுப் புடி."

பிடித்தாள். தட்டில் விழுந்த தண்ணீர் அவள் மணிக்கட்டில் ஏறி வழிந்தது. வெயிலில் வந்த கேன். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது.

"இதான் அந்த ஓடா? ஒருவாட்டி சுட்டது?"

"ம்."

"எங்கிட்டயும் ஒண்ணு குடுத்து நாக்குல வெச்சுப் பாருய்யான்னாரு. ஹார்பர்ல அத்தினி பேரு பாக்கறாங்க. வெச்சன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவது கேன் பாதி இறங்கியதும் அவர் மறுபடி பேசினார்.

"கேட்டன். ஏன்யா பொண்ணுகிட்ட சொல்லலன்னு. 'அத நீ வந்து சொல்லுய்யா, நான் எதுக்கு'ன்னுட்டாரு. நானும், அடுத்த சனிக்கிழமை..."

 கேன் காலியாகிக் கடகடவென்றது. அவள் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டாள். இருவரும் குனிந்து, அது ஆடி ஆடி ஒரு கோட்டில் நிற்கிற வரைக்கும் பார்த்தார்கள். நின்றது. சரியாக இருந்தது.

சாமிக்கண்ணு துணிக்கடைப் பையிலிருந்து வேட்டியை எடுத்தார். மடிப்புக் கலையாத புது வேட்டி.

"சுடுகாடு எந்தப் பக்கம்?"

"ஆத்தோரம்," என்றாள் நீலாவதி. "அங்க போனா அப்படியே முழுவிட்டு ஊருக்குத்தான் போவணும். இங்க திரும்பக் கூடாது, தெரியுமில்ல?"

"தெரியும்மா."

வேட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். வேல்விழி நிலைப்படி வரை வந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் சொல்லக் கூடாது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தெருவில் நாலு எட்டு வைத்தவர் நின்றார். திரும்பி நடந்தார். அவளைத் தாண்டி உள்ளே போய், தொட்டியின் பக்கத்திலிருந்த இரண்டு காலி கேன்களையும் எடுத்தார். தோளிலிருந்த துண்டால் இரண்டின் பிடியையும் சேர்த்துக் கட்டி, முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாகத் தோளில் போட்டுக்கொண்டார். முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். நிமிராமல் படி இறங்கினார்.

"காலி கேன எதுக்குடி சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போறாரு உங்கப்பா?" என்றாள் நீலாவதி.



அவர் யாரிடமும் வழி கேட்கவில்லை. தெரு நெடுக ஈரத்தில் சாமந்தியும் ரோஜாவும் இறைந்து ஒட்டிக் கிடந்தன. மிதித்துவிடாமல் ஓரமாகவே நடந்தார். எட்டுக்கு எட்டு கேன்கள் முதுகிலும் மார்பிலும் இடித்து, லொட்டு லொட்டென்று சத்தம் போட்டுக்கொண்டே போயின.